ஆய்வுத் தரவுக்கு நிலையான அடையாள எண்: பதிவிலிருந்து பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: "தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்பு கொள்ளலாம்." படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. தொடர்பு கொண்டு பார்த்தவர்களுக்குத்தான் மிச்சக் கதை தெரியும். டிமோத்தி வைன்ஸும் அவரது குழுவினரும் 2 முதல் 22 ஆண்டு பழமையான 516 உயிரியல் ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத் தரவைத் தேடிப் பார்த்தார்கள். 2013 இறுதியில் வெளியான அந்த ஆய்வின்படி, கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் சரிந்தது. மின்னஞ்சல் முகவரி செத்திருக்கும். அல்லது தரவு யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், இன்று எந்தக் கணினியும் படிக்காத வட்டில் கிடக்கும்.

இணைய முகவரியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. துறையின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று ஒருவர் கோப்புறையின் பெயரை மாற்றினால் போதும், அதைச் சுட்டிய கட்டுரைகளின் இணைப்பு மொத்தமும் அறுந்துவிடும். இதற்கு மாற்றாக வந்தவைதான் நிலையான அடையாள எண்கள். இந்த எண்ணை வாங்குவது பத்து நிமிட வேலை. எண் காட்டும் இடத்தில் பொருள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வேலைக்கானவை.

முதலில், எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

10.1000/182 என்பது ஒரு டிஓஐ (DOI), அதாவது டிஜிட்டல் பொருள் அடையாள எண். டிஓஐ முறையின் கையேட்டுக்கே கொடுக்கப்பட்ட எண் இது. 10-உம் அடுத்து ஒரு புள்ளியுமாகத் தொடங்கினால் அது டிஓஐ குடும்பம். 10.1000 என்ற முன்பகுதி, எண்ணைப் பதிவு செய்தவரைக் குறிக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 182 அவர் இந்தப் பொருளுக்கு வைத்த எண். இதை டிஓஐ.ஆர்க் (doi.org) முகவரிக்குப் பின்னால் சேர்த்து உலாவியில் இட்டால், அந்தச் சேவையகம் "இந்த முன்பகுதிக்கு யார் பொறுப்பு?" என்று விசாரித்து, அங்கே பதிவாகியிருக்கும் தற்போதைய முகவரியை எடுத்து, உலாவியை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. பொருள் இடம் மாறினால் பதிவில் உள்ள முகவரியை மட்டும் மாற்றினால் போதும். கட்டுரையில் அச்சான எண் அப்படியே இருக்கும்.

இதற்கு அடித்தளம், எண்ணைப் பதிவான முகவரியோடு இணைக்கும் ஹேண்டில் முறை. இணையத்தின் டிசிபி/ஐபி நெறிமுறையை வின்ட் செர்ஃபுடன் சேர்ந்து வடிவமைத்த ராபர்ட் கானின் நிறுவனத்தில் அது உருவானது. 1995-இல் அவரும் ராபர்ட் வில்லென்ஸ்கியும் எழுதிய கட்டுரையில்தான் 'டிஜிட்டல் பொருள்' என்ற கருத்து துலக்கமாக வைக்கப்பட்டது: தரவு, அதைப் பற்றிய விவரம், அதைச் சுட்டும் எண் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றே பொருள். வெறும் கோப்பு, பொருள் ஆகாது. டிஓஐ 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2012-இல் ஐஎஸ்ஓ 26324 என்ற தரநிலையாகவும் ஆனது.

இவ்வளவு கட்டுமானம் இருந்தும், 2015 ஜனவரி 20 அன்று உலகெங்கும் டிஓஐ இணைப்புகள் தடுமாறின. டிஓஐ.ஆர்க் என்ற களப்பெயரை உரிய நேரத்தில் புதுப்பிக்கத் தவறியதுதான் காரணம். தொழில்நுட்பத்தில் எந்தக் கோளாறும் இல்லை. செய்ய வேண்டிய ஒரு புதுப்பித்தலை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். நிலைத்தன்மை எண்ணில் இல்லை, அதைப் பராமரிப்பவர்களிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஹேண்டில் எண்ணை அறியாமலே பயன்படுத்தியிருப்பார்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் 10603 என்ற முன்பகுதியில் தொடங்கும் ஹேண்டில் உண்டு. உங்கள் ஆய்வேட்டை மேற்கோள் காட்டும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுக்காமல் அந்த எண்ணை எடுத்துக் கொடுங்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. பல கல்லூரி, பல்கலைக்கழகக் களஞ்சியங்களின் முகவரியில் 'ஹேண்டில்' என்ற சொல்லுக்கு அடுத்து 123456789 என்று இருக்கும். அது டிஸ்பேஸ் மென்பொருளை நிறுவும்போது தானாக வரும் மாதிரி முன்பகுதி. முறையாகப் பதிவு செய்து உண்மையான முன்பகுதி வாங்காமல் விட்டுவிட்டார்கள் என்று பொருள். பார்வைக்கு நிலையான எண் போலவே இருக்கும். அந்தத் தளத்துக்கு வெளியே அது எங்கும் செல்லுபடியாகாது. உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் இதைக் கண்டால் நூலகரிடம் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள முடிந்த குறைதான். ஆனால் பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

படி 1: உங்களுக்கு ஓர் எண்

தரவுக்கு முன்னால் ஆளுக்கு எண் வேண்டும். 2012 அக்டோபரில் தொடங்கிய ஆர்க்கிட், ஆய்வாளர்களுக்கு 16 இலக்க எண்ணை இலவசமாகத் தருகிறது. மற்ற ஊர்க்காரர்களைவிடத் தமிழர்களுக்கு இது அதிகம் தேவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரு இதழ் தந்தை பெயரை விரித்து எழுதச் சொல்கிறது, இன்னொன்று முன்னெழுத்தைப் பின்னால் தள்ளுகிறது, வேறொன்று தந்தை பெயரையே ஆய்வாளர் பெயராக ஆக்கிவிடுகிறது. பத்துக் கட்டுரைகளுக்குள் ஒரே ஆள் நாலு ஆளாகிவிடுவார். ஆர்க்கிட் கணக்கில் வெளியீட்டுப் பெயருக்கும் பிற பெயர் வடிவங்களுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இதுவரை அச்சான அத்தனை வடிவங்களையும், தமிழ் எழுத்தில் உள்ளதையும் சேர்த்து, அங்கே இட்டு வையுங்கள்.

இந்த எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஆர்க்கிட் தன் விளக்கங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தும் எண் 0000-0002-1825-0097. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் கேலிக்காக உலவும், உண்மையில் இல்லாத ஒரு பேராசிரியருடையது. கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இடமிருந்து முதல் 15 இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை வந்த தொகையோடு கூட்டி, இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். சுழியங்களைத் தாண்டி 2 வரும்போது 4, அடுத்த 1-க்கு 10, 8-க்கு 36, 2-க்கு 76, 5-க்கு 162, இரண்டு சுழியங்களுக்கு 324, 648, கடைசி 9-க்கு 1314. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டிலிருந்து 5 போனால் 7. எண்ணின் கடைசி இலக்கமும் 7. விடை 10 என்று வந்தால் கடைசியில் இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஆய்வாளர் பட்டியலை எக்செல்லில் பராமரிக்கும் அலுவலகங்கள் இந்தக் கணக்கை ஒரு சூத்திரமாக இட்டுவைத்தால் இலக்கம் மாறிப்போன எண்கள் உடனே பிடிபடும்.

நிறுவனத்துக்கும் எண் உண்டு. 2019-இல் தொடங்கிய ரோர் பதிவேட்டில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பல்கலைக்கழகங்களின் பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பதை நினைத்தாலே இதன் தேவை விளங்கும்.

படி 2: எது ஒரு பொருள் என்று முடிவெடுங்கள்

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலோர் யோசிக்காமல் தாண்டுவதும் இதைத்தான்.

ஒரு மாணவர் ஒரு வட்டத்தின் கிணறுகளில் மூன்று ஆண்டுகளாக மாதாமாதம் நீர்மட்டம் அளந்திருக்கிறார் என்று வையுங்கள். கையில் இருப்பவை: மாதவாரி அட்டவணைகள், கிணறுகளின் பட்டியல், நீர் மாதிரிகளின் ஆய்வக முடிவுகள், கணக்கிடும் நிரல், வரைபடங்கள். மொத்தத்துக்கும் ஒரே எண்ணா? கோப்புக்கு ஒன்றா? கிணற்றுக்கு ஒன்றா?

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: இன்னொருவர் எதைத் தனியாக மேற்கோள் காட்டுவார்? நீர்மட்டத் தரவை நீரியல் ஆய்வாளர் எடுப்பார். வேதியியல் முடிவுகளைச் சுற்றுச்சூழல் ஆய்வாளர் எடுப்பார். நிரலை வேறு வட்டத்தில் வேலை செய்பவர் எடுப்பார். ஆகவே மூன்று பொருள், மூன்று எண். கிணற்றுப் பட்டியல் இல்லாமல் நீர்மட்டத் தரவு விளங்காது; அது அதோடு சேர்ந்தே போகட்டும். மாதாமாதம் ஒரு எண் வாங்குவது வீண். 36 எண்களை யாரும் மேற்கோள் பட்டியலில் எழுத மாட்டார்கள்.

யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். ஆய்வக முடிவுகளைத் தந்தது வேறு குழு என்றால், அவர்கள் பெயரில் தனிப் பொருளாக இருப்பதே நியாயம். புட்டியில் இருக்கும் நீர் மாதிரிக்கே எண் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: புவியியல் மாதிரிகளுக்காக உருவான ஐஜிஎஸ்என். 2021-இல் அந்த அமைப்பு, தரவுக்கு டிஓஐ பதிவு செய்யும் டேட்டாசைட்டுடன் கைகோத்தது. ஒரு ஆய்வேட்டின் அளவில் இது பெரும்பாலும் தேவைப்படாது. மாதிரிகளைப் பத்து ஆண்டு பாதுகாக்கும் ஆய்வகங்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

படி 3: களஞ்சியத்தைத் தேர்ந்தெடுங்கள்

தனி ஆள் டிஓஐ வாங்க முடியாது. பதிவு முகமையின் உறுப்பினராக உள்ள நிறுவனம் வழியாகத்தான் வரும். இதழ்க் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் கிராஸ்ரெஃப். தரவுக்கு, 2009 டிசம்பரில் லண்டனில் தொடங்கப்பட்ட டேட்டாசைட். நீங்கள் களஞ்சியத்தில் பதிவேற்றினால் இவர்களிடம் பதிவு செய்யும் வேலையைக் களஞ்சியம் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் துறைக்கென்று களஞ்சியம் இருந்தால் அதுவே முதல் தெரிவு. புவி அறிவியலுக்கு ஜெர்மனியின் பாங்கேயா இருக்கிறது. மரபணு வரிசைகளுக்கு ஜென்பேங்க். பின்னது டிஓஐ தராது, தன் சொந்தப் பதிவெண்ணைத் தரும். அந்தத் துறையில் எல்லோரும் ஏற்பது அதைத்தான். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் ரீ3டேட்டா என்ற களஞ்சியப் பட்டியலில் துறைவாரியாகப் பார்க்கலாம்.

எதுவும் பொருந்தாதபோது ஸெனோடோ. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்துகிறது; கட்டணம் இல்லை; ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதற்கு அவர்களது கொள்கையிலேயே பதில் இருக்கிறது: செர்ன் இருக்கும் வரை. அடுத்த 20 ஆண்டுகளுக்காவது அங்கே ஆய்வுத் திட்டம் இருப்பதாகவும் குறிப்பிடுகிறார்கள். 'என்றென்றும்' என்று பூசி மெழுகாமல் இப்படி எழுதி வைக்கும் களஞ்சியத்தை நம்பலாம்.

கூகுள் டிரைவ் இணைப்பு, ஆய்வகத்தின் சொந்த இணையதளம், நிரல்களை வைக்கும் கிட்ஹப் பக்கம் ஆகிய மூன்றும் களஞ்சியம் ஆகா. கணக்கை மூடினால் போயிற்று.

பெரிய நிறுவனங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் இன்னொரு வழி உண்டு. 2001-இல் உருவான ஆர்க் (ARK) என்ற அடையாள எண் முறையில் எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. நிறுவனத்துக்கான ஒரு எண்ணைப் பெற்றுக்கொண்டு எத்தனை பொருளுக்கு வேண்டுமானாலும் அடையாளம் வைக்கலாம். ஓலைச்சுவடிப் படங்களைப் போல லட்சக்கணக்கில் உள்ளவற்றுக்கு டிஓஐயைவிட இது ஏற்றது. அதற்கான சேவையகத்தை விடாமல் பராமரிக்க ஆள் இருக்க வேண்டும்.

படி 4: கோப்புகளைச் சுத்தம் செய்யுங்கள்

எண் கொடுத்த பிறகு கோப்பை மாற்ற முடியாது என்பதால் இதை முன்னாலேயே முடிக்க வேண்டும். அட்டவணைகளை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய உரை வடிவமான சிஎஸ்வியில் சேமியுங்கள். ஊர்ப் பெயர்களும் குறிப்புகளும் தமிழில் இருந்தால் யூடிஎஃப்-8 குறியாக்கம் கட்டாயம். எக்செல்லில் வெறுமனே 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அதே பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற தெரிவு தனியாக இருக்கிறது. பழைய தரவு பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், ஒருங்குறிக்கு மாற்றாமல் பதிவேற்றவே வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும்.

கிணற்று உரிமையாளர்களின் பெயர், கைபேசி எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். கிணற்றின் துல்லியமான அமைவிடமே உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கும் என்றால், ஊர் அளவில் தளர்த்திக் கொடுங்கள்.

தரவை விளக்கும் ஒரு ரீட்மீ கோப்பு எழுதுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, எந்த அலகு, விடுபட்ட அளவீடு எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, கிணறு வற்றியிருந்தால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பவை அதில் வர வேண்டும். வற்றிய கிணற்றுக்கு ஒருவர் சுழியம் எழுத, நீர்மட்டம் தரை அளவில் இருப்பதாக இன்னொருவர் படிப்பார். ஆய்வு முடிவு தலைகீழாகும்.

படி 5: மீதரவை நிரப்புங்கள்

மீதரவு என்பது தரவைப் பற்றிய தரவு. டேட்டாசைட் ஆறு விவரங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது: எண், உருவாக்கியவர், தலைப்பு, வெளியிடுபவர், ஆண்டு, வகை. இந்த ஆறோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். உண்மையான பயன் அதற்கு அடுத்த கட்டங்களில்தான் இருக்கிறது.

தலைப்பில் என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றும் வரட்டும். "ஆய்வேட்டுத் தரவு இறுதி" என்று பெயர் வைத்தால் அது யாருடைய கண்ணிலும் படாது. தமிழ்த் தலைப்பைக் கூடுதல் தலைப்பாகக் கொடுக்க இடம் இருக்கிறது, மொழியையும் குறிக்கலாம். ஒவ்வொரு பெயரோடும் ஆர்க்கிட் எண்ணையும், நிறுவனத்தோடு ரோர் எண்ணையும் இணையுங்கள். களப்பணிக்கு வந்தவர்கள் ஆசிரியர் பட்டியலில் இல்லாவிட்டாலும் பங்களிப்பாளர் கட்டத்தில் 'தரவு சேகரித்தவர்' என்று இடம்பெறலாம். நம்மிடம் இது அபூர்வமாகவே செய்யப்படுகிறது.

தொடர்புடைய எண்கள் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இந்தத் தரவு எந்தக் கட்டுரைக்குத் துணையானது, எந்தப் பழைய தரவிலிருந்து பெறப்பட்டது, எந்த நிரலால் உருவானது என்று எண்களாக எழுதினால், கணினியே கட்டுரையையும் தரவையும் நிரலையும் ஆளையும் இணைத்துப் பார்க்கும். உரிமம் எழுதுங்கள், உருவாக்கியவரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை 4.0 பெரும்பாலான தரவுக்குப் போதும். உரிமம் இல்லாத தரவைக் கவனமுள்ள ஆய்வாளர் தொடவே மாட்டார்.

படி 6: எண்ணை ஒதுக்கி வையுங்கள், பிறகு வெளியிடுங்கள்

கட்டுரைக்குள் தரவின் எண் வேண்டும். தரவுக்குள் கட்டுரையின் எண் வேண்டும். எது முதலில்? ஸெனோடோவில் வரைவு நிலையிலேயே எண்ணை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதி இதழுக்கு அனுப்புங்கள். வெளியிடும் பொத்தானை அழுத்தும் வரை எண் பதிவாகாது என்பது நினைவிருக்கட்டும். கட்டுரை அச்சாகி, தரவு வரைவிலேயே கிடந்தால், சொடுக்குபவருக்கு "இந்த எண் கிடைக்கவில்லை" என்ற பக்கம்தான் வரும்.

முதல்முறை செய்பவர்கள் ஸெனோடோவின் சோதனைத் தளத்தில் ஒத்திகை பார்க்கலாம். அங்கே கிடைக்கும் எண் உண்மையானதல்ல. பதிவேற்றிய பின் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 என்ற நீண்ட எண்ணெழுத்துத் தொடர் தெரியும். உங்கள் கணினியில் உள்ள கோப்புக்கும் அதே தொடர் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பதிவேற்றத்தில் ஏதோ கெட்டிருக்கிறது.

படி 7: பதிப்புகள்

இரண்டு மாதம் கழித்து ஒரு கிணற்றின் அளவீடு தவறு என்று தெரிகிறது. புதிய பதிப்பு போடுங்கள். பழையதை நீக்க வேண்டாம். ஸெனோடோ ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஓர் எண்ணும் தருகிறது. பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோகும். கட்டுரையில் எதைக் கொடுப்பது? நீங்கள் கணக்கிட்ட அந்தப் பதிப்பின் எண்ணைத்தான். பொது எண்ணைக் கொடுத்தால், படிப்பவர் வேறு தரவைப் பதிவிறக்கி, உங்கள் விடை ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார். தன்விவரக் குறிப்பிலோ ஆய்வகப் பக்கத்திலோ பொது எண் போதும்.

நிரலுக்கு ஒரு துணைவழியும் உண்டு. பிரான்சின் கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியா 2016-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், திறந்த நிரல்களைச் சேகரித்துக் காக்கிறது. அதன் அடையாளம் நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மாறும். யார் பதிவேட்டையும் நம்பாமல் சரிபார்க்கலாம் என்பது இதன் பலம். எந்த வரியில் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்று சுட்ட இதுவும், மேற்கோள் பட்டியலுக்கு டிஓஐயும் பொருத்தம்.

படி 8: மேற்கோள் காட்டுங்கள், காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, களஞ்சியம், முழு இணைப்பாக டிஓஐ. இவை கட்டுரையின் மேற்கோள் பட்டியலுக்குள் வர வேண்டும். நன்றியுரையிலோ அடிக்குறிப்பிலோ போட்டால் மேற்கோள் எண்ணிக்கையில் சேராது. 'டிஎக்ஸ்' என்று தொடங்கும் பழைய முகவரி இன்னும் வேலை செய்கிறது. புதிதாக எழுதும்போது அது வேண்டாம்.

படி 9: பிறகு நடப்பவை

வெளியிட்ட டிஓஐயை அழிக்க முடியாது. தரவில் தனிநபர் விவரம் கசிந்துவிட்டது, உரிமைச் சிக்கல் வந்துவிட்டது என்றால் கோப்புகளை நீக்கலாம். எண் மட்டும் ஒரு நடுகல் பக்கத்துக்குப் போக வேண்டும்: இங்கே இன்ன தரவு இருந்தது, இன்ன தேதியில், இன்ன காரணத்துக்காக நீக்கப்பட்டது. தரவு கண்டறியவும், அணுகவும், பிறவற்றோடு இணைக்கவும், மறுபடி பயன்படுத்தவும் தக்கதாக இருக்க வேண்டும் என்று சொல்லும், 2016-இல் வெளியான ஃபேர் (FAIR) கோட்பாடுகளும், தரவு போன பிறகும் மீதரவு இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன.

நிறுவனக் களஞ்சியம் வேறு மென்பொருளுக்கு மாறும்போது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எல்லா எண்களையும் சொடுக்கிச் சோதிக்க ஒருவரை நியமியுங்கள். ஹேண்டில்.நெட் தளத்தில் 'திருப்பிவிடாதே' என்ற கட்டத்தைத் தேர்ந்து எண்ணை இட்டால், பதிவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே பார்க்கலாம். அதில் முகவரி மட்டுமல்லாமல் பொருளின் வகை, சரிபார்ப்புத் தொடர், பதிப்பு ஆகியவற்றையும் கணினி படிக்கும் விதத்தில் வைக்கலாம் என்பதுதான் இப்போது பேசப்படும் ஃபேர் டிஜிட்டல் பொருள்களின் சாரம். 2022 அக்டோபரில் நெதர்லாந்தின் லைடனில் இதற்கென முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அன்றாட ஆய்வாளருக்கு இது இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மீதரவை ஒழுங்காக நிரப்பியவர்களுக்கு அது வரும்போது வேலை மிச்சம்.

கடைசியாக, மாணவர் படிப்பை முடித்துக் கிளம்பும் நாளுக்கான ஏற்பாடு. களஞ்சியப் பதிவில் வழிகாட்டிக்கும் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஆய்வகத்தின் எல்லா எண்களும், எந்தக் கணக்கில் அவை இருக்கின்றன என்ற குறிப்பும் ஒரே பட்டியலில் துறை அலுவலகத்தில் இருக்கட்டும். ஆர்க்கிட் கணக்கில் சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முடக்கப்பட்ட பிறகு கடவுச்சொல்லை மீட்க அந்த முகவரிதான் உதவும்.